கில்ட்ஃபர்ட் கடவுளின் திருவிளையாடல்கள்

1984இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபர்ட் ஊரில் ஓர் இளைஞர், வியாபாரம் செய்து முன்னேறுவது எப்படி என்பதை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாக எழுதினார். பெயர் 'தி ஆந்த்ரப்ரனர்'. தபாலில் விற்பதாகத் திட்டம். ஆர்டர்கள் வந்து குவியப்போகின்றன, கதவிலிருக்கும் தபால் துவாரம் தாங்காது என்று அதை மாற்றியும் வைத்தார். வந்தவை இரண்டே ஆர்டர்கள். அதில் ஒன்று தன் அம்மா போட்டதாக இருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம்.

பீட்டர் மாலின்யூ புராணத்தில் இது முதல் படலம். அடுத்த நாற்பது ஆண்டுகளிலும் அவர் செய்தது இதைத்தான்: சரக்குக்கு முன்னால் துவாரத்தைப் பெரிதாக்குவது. பிற்பாடு ஆர்டர்கள் நிஜமாகவே வந்து குவிந்தன. திருப்பி அனுப்பத்தான் உள்ளே சரக்கு இல்லாமல் போயிற்று.

இரண்டாம் படலம் இன்னும் ருசியானது. விளையாட்டு விற்காதவர் டாரஸ் இம்பெக்ஸ் என்றொரு கம்பெனி வைத்து, மத்திய கிழக்கு நாடுகளுக்கு டப்பாவில் அடைத்த பீன்ஸ் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். கமடோர் நிறுவனத்தார் கூப்பிட்டார்கள். எங்களுடைய புது அமிகா கம்ப்யூட்டருக்கு உங்கள் மென்பொருள் வேண்டும், மெஷின்களை இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். அவர்கள் தேடியது டோரஸ் என்ற வேறொரு நெட்வொர்க்கிங் கம்பெனியை. ஆள் மாறிவிட்டது என்று மாலின்யூவுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. மெஷின்களை வாங்கிக்கொண்டார். இதை யாரும் துப்பறிந்து எழுதவில்லை. அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைதான். கேட்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பொய் சொல்லவே வேண்டியதில்லை, எதிரில் இருப்பவர் நம்பிக்கொண்டிருக்கும்போது திருத்தாமல் இருந்தால் போதும் என்ற பாலபாடம் அந்தச் சிரிப்புக்குள் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்துச் சொல்லப்போவது நிஜமான பாராட்டு. நான் திட்டுவதாக நினைத்துக் குழம்பிவிட வேண்டாம். 1987இல் லெஸ் எட்கருடன் சேர்ந்து புல்ஃப்ராக் ஸ்டூடியோவைத் தொடங்கினார் மாலின்யூ. 1989இல் 'பாப்புலஸ்' வந்தது. க்ளென் கார்ப்ஸ் என்ற சக புரோகிராமர் சாய்கோணத்தில் தெரியும் கட்டை கட்டையான ஒரு நிலப்பரப்பை வரைந்து வைத்திருந்தார். அதன்மேல் குட்டிக் குட்டி மனிதர்களை நடமாட விட்டார் மாலின்யூ. கடலோரம் வந்தால் அவர்களுக்குச் சுற்றிப் போகத் தெரியவில்லை. அந்த வழிகாட்டும் நிரலை எழுத இவருக்கும் வரவில்லை. சரி, ஆடுகிறவரே மேட்டை இறக்கிப் பள்ளத்தை உயர்த்தி வழி செய்து கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்தக் கையாலாகாத்தனத்திலிருந்து ஒரு புது வகை விளையாட்டே பிறந்தது. நீங்கள் வீரன் இல்லை, கார் ஓட்டுநர் இல்லை, கடவுள். மண்ணை ஏற்றி இறக்குவீர்கள், உங்கள் பக்தர்கள் வீடு கட்டுவார்கள், எதிரிக் கடவுளின் பக்தர்கள்மீது நிலநடுக்கத்தையும் எரிமலையையும் ஏவுவீர்கள். சுமார் 40 லட்சம் பிரதிகள் விற்றன.

பின்னால் 'சிண்டிகேட்', 'தீம் பார்க்', 'டஞ்சன் கீப்பர்' என்று வரிசையாக வந்தன. 'தீம் பார்க்'கில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. உங்கள் பொழுதுபோக்குப் பூங்காவின் உருளைக்கிழங்கு வறுவலில் உப்பைக் கூட்டினால் ஜனங்களுக்குத் தாகம் எடுக்கும், பக்கத்துக் கடையில் குளிர்பானம் கூடுதலாக விற்கும். அந்தக் குளிர்பானத்திலும் ஐஸை அள்ளிப் போட்டு மிச்சம் பிடிக்கலாம். முதலாளித்துவத்தைப் பற்றிப் பத்துப் புத்தகம் படித்தாலும் இவ்வளவு சுருக்கமாகப் புரியாது. இதைச் செய்தவருக்கு மனிதர்களின் ஆசை எங்கே இருக்கிறது, அதை எப்படிச் சுரண்டுவது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த அறிவை விளையாட்டுக்குள் வைத்திருந்தவரை அவர் மேதை. வெளியே எடுத்து வந்து நம் வறுவலில் தூவ ஆரம்பித்ததுதான் வினை.

'தீம் பார்க்' வேலையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் கூட இருந்தான். டெமிஸ் ஹசாபிஸ் என்று பெயர். குருவின் பின்னாலேயே அடுத்த ஸ்டூடியோவுக்கும் போய், பிறகு 1998இல் எலிக்ஸிர் என்று சொந்தக் கடை வைத்தார். ஒரு முழு நாட்டையே கம்ப்யூட்டருக்குள் உயிரோடு காட்டுகிறேன் என்று அறிவித்தார். 2003இல் வந்த 'ரிபப்ளிக்' அந்த அறிவிப்பின் நிழலாகத்தான் இருந்தது. 2005இல் கடையைச் சாத்தினார். குருவின் நோய் சீடரையும் பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். சீடர் மேடையை விட்டு இறங்கிப் போய் மூளையியல் படித்தார், டீப்மைண்டைத் தொடங்கினார், 2024இல் வேதியியலுக்கான நோபலில் பங்கு வாங்கினார். குரு மேடையிலேயே நின்றார்.

1995இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் புல்ஃப்ராக்கை வாங்கியது. 1997இல் மாலின்யூ அங்கிருந்து விலகி லயன்ஹெட் ஸ்டூடியோவைத் தொடங்கினார். இங்கேதான் அவதார மகிமை முழுசாக வெளிப்படுகிறது. விளையாட்டுகளைவிட அவற்றைப் பற்றிய பேச்சு சுவாரஸ்யமாகிப் போன காலம் அது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்டுதோறும் நடந்த இ3 கண்காட்சிக்கு உலகம் முழுவதிலுமிருந்து வந்த நிருபர்கள் ஒரே மாதிரியான துப்பாக்கி விளையாட்டுகளைப் பார்த்துச் சோர்ந்து போயிருப்பார்கள். இவர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கண் பனிக்க, தன் விளையாட்டில் வரப்போவதைச் சொல்வார். நிருபர்கள் சிறகு முளைத்துப் பறந்து போய்த் தலைப்பு போடுவார்கள்.

'ஃபேபிள்' விளையாட்டுக்கு அவர் சொன்னவற்றில் மிகப் புகழ் பெற்றது ஓக் விதை. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு மரத்திலிருந்து விதையைத் தட்டி விழச் செய்தால், நீங்கள் வளர வளர அதுவும் முளைத்து வளரும், நாயகன் கிழவனாகும்போது ஓங்கிய மரமாக நிற்கும். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. 2004இல் விளையாட்டு வந்தது. விதை இல்லை, முளை இல்லை, மரம் வளரவில்லை. சொன்ன வேறு பலவும் இல்லை. இத்தனைக்கும் 'ஃபேபிள்' நல்ல விளையாட்டு. நகைச்சுவை இருந்தது, அழகு இருந்தது, நன்றாக விற்கவும் செய்தது. அந்த விதையைப் பற்றி யாரும் வாயே திறக்காமல் இருந்திருந்தால் ஒருவரும் குறைபட்டிருக்க மாட்டார்கள். தன் குழந்தைக்கே திருஷ்டி சுற்றிப் போடாமல் திருஷ்டியை வரவழைத்துப் போட்ட தகப்பன் இவர்.

மாலின்யூ பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். முன்பு சொல்லி, சொன்னபடி வராமல் போன அம்சங்களுக்காக வருந்துவதாக எழுதினார். அதே ஆண்டின் கடைசி நாளில் அறிவிக்கப்பட்ட புத்தாண்டு கௌரவப் பட்டியலில் அரசியார் அவருக்கு ஓபிஇ விருது தந்தார். மன்னிப்புக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்தால் யார்தான் அதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்? 2011இல் பாஃப்டா ஃபெலோஷிப்பும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அவர் இன்னோர் உண்மையையும் போகிற போக்கில் உதிர்த்தார்: நிருபர்கள் தூங்கிவிடாமல் இருப்பதற்காகப் பேட்டியின் நடுவிலேயே கற்பனை செய்து சொன்ன அம்சங்கள் குறைந்தது பத்தாவது இருக்கும், அதற்காகத் தன் குழுவிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார்.

இதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். எதிரில் இருக்கும் ஆளுக்குக் கொட்டாவி வந்ததால் பகவான் ஒன்றைப் படைத்துவிட்டார். மறுநாள் கில்ட்ஃபர்டில் ஒரு புரோகிராமர் அதைப் பத்திரிகையில் படிக்கிறார். தான் செய்துகொண்டிருப்பதாகப் பத்திரிகை சொல்வதை அவர் அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார். இப்போது இரண்டு வழிகள். இரவெல்லாம் கண்விழித்து அந்தக் கொட்டாவிக்கு நிரல் எழுத வேண்டும். இல்லையென்றால் விளையாட்டு வெளியான நாளில் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற பன்மையில் தானும் ஒருவராக நிற்க வேண்டும். கைதட்டல் ஒருமையில் போகும், வசவு பன்மையில் வரும். கேம் துறையில் 'தொலைநோக்காளர்' என்ற பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இவ்வளவுதான். அந்தப் புரோகிராமர்களின் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை. லயன்ஹெட்டை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மாலின்யூ 2012இல் வெளியேறினார். 2016 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஸ்டூடியோவையே மூடிற்று. கடைசி நாளில் பெட்டியில் சாமானை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தவர்களில் அவர் இல்லை.

மூடுவதற்கு முன்னால் மைலோ வந்து போனான். 2009 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டின் புது கேமராக் கருவிக்காகத் திரையில் தோன்றிய சிறுவன். ஒரு பெண் தொலைக்காட்சியின் முன் நின்று அவனோடு பேசுகிறார், அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறான். அவர் காகிதத்தில் ஒரு மீன் படம் வரைந்து திரையை நோக்கி நீட்ட, உள்ளே இருக்கும் பையன் அதைக் கையில் வாங்கிக்கொள்கிறான். அவன் நீச்சல் கண்ணாடியைத் தூக்கிப் போடும்போது அந்தப் பெண் தன்னையறியாமல் குனிந்து பிடிக்கப் பார்க்கிறார். அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் எழுதத் துணியாததைச் செய்துவிட்டோம் என்ற தோரணையில் மாலின்யூ விளக்கினார். உலகம் வாய் பிளந்தது. ஒரு வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர், இது தொழில்நுட்பத்தைக் காட்டச் செய்த ஒரு மாதிரிதான், விற்பனைக்குக் கொண்டுவரும் எண்ணமில்லை என்று தொலைக்காட்சியில் போட்டு உடைத்தார். அது 2010 ஜூன். அடுத்த மாதமே மாலின்யூ ஆக்ஸ்ஃபர்டில் டெட் மேடையேறி, அதே மைலோவை உயிரோடு ஆட்டிக் காட்டினார். நத்தையை மிதிக்கலாமா வேண்டாமா என்று பையனுக்கு நாம் சொல்லிக்கொடுக்கலாம், நம் ஒவ்வொருவரின் மைலோவும் வேறு வேறாக வளர்வான் என்றார். மைலோ வளரவில்லை. எந்தக் கடையிலும் எந்த நாளிலும் விற்பனைக்கு வரவில்லை. சொந்தக் கம்பெனியே இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்ட பிள்ளைக்கு, அடுத்த மாதம் ஊர் கூட்டிப் பிறந்தநாள் கொண்டாட ஒரு தனித் தைரியம் வேண்டும்.

இதுவரை போனது மைக்ரோசாஃப்ட்டின் பணம். அதற்காகக் கண்ணீர் விட எனக்கு நேரமில்லை. பெரிய கம்பெனி வாயால் சுட்ட வடையை வாங்கினால் அது அதன் தலையெழுத்து. ஆத்திரம் வருவது அடுத்த படலத்தில்.

லயன்ஹெட்டை விட்டு வந்தவர் 22கேன்ஸ் என்ற சிறு ஸ்டூடியோவைத் தொடங்கினார். 2012 நவம்பர் 6 அன்று 'க்யூரியாசிட்டி' என்ற மொபைல் ஆப் வந்தது. வெள்ளை வெளேரென்று ஓர் அறை. நடுவில் ஒரு பெரிய கனசதுரம் மிதக்கிறது. அதன் மேற்பரப்பு முழுக்க எண்ணிலடங்காத குட்டிக் கட்டங்கள். விரலால் தட்டினால் ஒரு கட்டம் உடையும், இன்னொரு தட்டு, இன்னொன்று. உலகம் முழுக்க எல்லோரும் தட்டுவது ஒரே கனசதுரத்தை. ஓர் அடுக்கு முழுதாக உரிந்தால் அடியில் இன்னோர் அடுக்கு. கடைசி அடுக்கின் கடைசிக் கட்டத்தை உடைக்கும் ஒரே ஒருவருக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரியும், அது அவர் வாழ்க்கையையே மாற்றிவிடும் என்று வாக்குக் கொடுத்தார் மாலின்யூ. வேகமாக உடைப்பதற்கு வைர உளி ஒன்றும் விற்பனைக்கு அறிவித்தார், விலை 50,000 பவுண்டு. உளிக்குத்தான் அந்த விலை, உடைபடுவது எதுவும் நிஜமில்லை. லட்சக்கணக்கானோர் தட்டினார்கள். சர்வர்கள் திணறின. மாதக்கணக்கில் மனிதகுலம் சும்மா தட்டியது.

2013 மே 26 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த 18 வயது இளைஞர் கடைசிக் கட்டத்தை உடைத்தார். ஆப்பை இறக்கிக்கொண்டு அதிக நேரம்கூட ஆகியிருக்கவில்லை. உள்ளே ஒரு வீடியோ. அதில் மாலின்யூவே தோன்றி அருள்வாக்குச் சொன்னார்: எங்களுடைய அடுத்த விளையாட்டான 'கோடஸ்'ஸில் நீங்கள்தான் எல்லாக் கடவுள்களுக்கும் மேலான கடவுள், விளையாட்டின் விதிகளை நீங்கள் தீர்மானிக்கலாம், அது ஈட்டும் பணத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த 'கோடஸ்'ஸுக்கு முதலீடு யாருடையது? பொதுமக்களுடையது. 'க்யூரியாசிட்டி' வந்த அதே நவம்பரில் கிக்ஸ்டார்ட்டரில் உண்டியல் குலுக்கினார். கேட்டது 4,50,000 பவுண்டு. 17,184 பேர் சேர்ந்து கொடுத்தது 5,26,563 பவுண்டு. 'பாப்புலஸ்' ஆடி வளர்ந்தவர்கள் அவர்கள். பள்ளி விட்டு வந்து அமிகா முன்னால் உட்கார்ந்து மண்ணை ஏற்றி இறக்கிய பிள்ளைகள், இப்போது சம்பாதிக்கிறார்கள், அந்த மாலைகளுக்கு நன்றிக்கடன் செலுத்தினார்கள். ஏழு முதல் ஒன்பது மாதத்தில் முடித்துவிடுவோம் என்று வேண்டுகோளில் எழுதியிருந்தது.

2013 செப்டம்பரில் ஸ்டீமில், முடிக்கப்படாத விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி ஆடிப் பார்க்கும் எர்லி அக்சஸ் முறையில் வந்தது. ஆடிப் பார்த்தவர்கள் செய்த வேலை: வீடு வீடாகக் கிளிக் செய்து பக்தியை வசூலிப்பது. கடவுளாக ஆக ஆசைப்பட்டுப் பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்தது கோயில் உண்டியல் எண்ணும் உத்தியோகம். அடுத்த ஆண்டு டீஎன்ஏ என்ற ஜப்பானிய நிறுவனம் மொபைலில் வெளியிட்டது. ரத்தினக் கற்களை வாங்கலாம், வாங்க மனமில்லையென்றால் காத்திருக்கலாம். அதே 2014இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பழைய 'டஞ்சன் கீப்பர்' பெயரில் ஒரு மொபைல் ஆட்டம் விட்டது. ஒரு கல்லைத் தோண்ட 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், காத்திராமல் தோண்டக் காசு. இலவசம் என்று விளம்பரம் செய்தது மக்களைத் திசைதிருப்புவது என்று பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு கண்டித்தது. தன் பழைய பிள்ளைக்கு நேர்ந்த கதியைப் பார்த்து மாலின்யூவும் இது அபத்தம் என்றார். சரிதான். அவர் கடையிலும் ரத்தினக் கல் இருந்தது என்பது மட்டும் உறுத்துகிறது.

2014 டிசம்பரில் ஒரு பேட்டியில், கிக்ஸ்டார்ட்டரில் இலக்குத் தொகைக்கு ஒரு பைசா குறைந்தாலும் ஒன்றும் கிடைக்காது, ஆகவே அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்கும் உந்துதல் வந்துவிடுகிறது என்று விளக்கம் சொன்னார். கிக்ஸ்டார்ட்டர் தொடங்கியது 2009இல். ஓக் விதை விழாமல் போனது 2004இல். உந்துதலுக்கு முன்பே ஊக்கம் இருந்திருக்கிறது.

2015 பிப்ரவரியில் யூரோகேமர் இதழ் அந்த எடின்பரோ இளைஞரைத் தேடிப் போய்ப் பார்த்தது. அவருக்கு ஒரு பைசா வந்திருக்கவில்லை. மல்டிபிளேயர் பகுதி வந்தால்தான் அவருடைய ஆட்சி தொடங்கும், ஆட்சி தொடங்கினால்தான் பங்குப் பணம், மல்டிபிளேயரோ வரவே இல்லை. அவ்வப்போது அவரே மின்னஞ்சல் போட்டு விசாரித்திருக்கிறார். பிறகு விட்டுவிட்டார். அவரோடு தொடர்பில் இருந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார், அந்தப் பொறுப்பை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது மாலின்யூ தரப்பு விளக்கம். உலகமே பார்க்க மகுடம் சூட்டப்பட்டவரை, ஒரு ஊழியர் ராஜினாமா செய்ததும் கம்பெனி மறந்தே போயிருக்கிறது. வாழ்க்கையை மாற்றும் பரிசு ஒருவரின் கோப்புறையில் இருந்திருக்கிறது, அவர் போகும்போது அதுவும் போய்விட்டது. பணம் போட்டவர்களில் குறைபட்டுக்கொண்டே இருந்த ஒருவரை ஸ்டூடியோ வேலைக்கு எடுத்து, கடைசியில் 'கோடஸ்'ஸைச் சரிசெய்யும் பொறுப்பையும் அவர் தலையில் கட்டியது. புகார் சொல்ல வந்தவனிடமே துடைப்பத்தைக் கொடுத்த கதை.

அந்த வாரம்தான் ராக் பேப்பர் ஷாட்கன் இதழின் ஜான் வாக்கர் பேட்டி எடுத்தார். பொய் சொல்வதே நோயாகிப் போனவர் நீங்கள் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்பது அவருடைய முதல் கேள்வி. வணக்கம்கூட அப்புறம்தான். எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடில்லை. மாலின்யூ பொய்யர் இல்லை. சொல்லும் நிமிஷத்தில் அந்த விதை முளைப்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். அவர் குரல் தழுதழுப்பதில் நடிப்பு இல்லை. பொய்யரென்றால் ஒருமுறை பிடிபட்டதும் அடுத்த முறை எச்சரிக்கையாக இருப்பார். இவருக்கு அந்த எச்சரிக்கை வராது, ஏனென்றால் அடுத்த முறையும் இவர் மனதாரத்தான் நம்புவார். பணம் கொடுக்கிறவர்களுக்கு இந்த வகை ஆள்தான் அதிக ஆபத்து.

அதைவிட எனக்குக் கோபம் கேள்வி கேட்ட வர்க்கத்தின்மீது. விதை, மைலோ, வைர உளி எல்லாவற்றையும் தலைப்பாக்கி விற்றது இதே பத்திரிகை உலகம். கொட்டாவி விட்டு அம்சங்களைப் பிறக்க வைத்தவர்கள் இவர்கள்தானே? பதினைந்து ஆண்டுகள் சாமிக்குச் சாமரம் வீசிவிட்டு, ஒருநாள் காலையில் நாத்திகர் வேஷம் கட்டிக்கொண்டு வந்து கல்லெறிந்தார்கள். சாமி சொன்ன அற்புதங்களில் எத்தனை நடந்தது என்று ஆண்டுதோறும் ஒரு பக்கக் கணக்குப் போட்டிருந்தால் 17,184 பேரில் பாதிப்பேராவது பர்ஸைத் திறக்கும் முன் யோசித்திருப்பார்கள். இனிமேல் பத்திரிகைகளோடு பேசப்போவதில்லை என்று மாலின்யூ அறிவித்தார். அதையும் பேட்டியாகத்தான் கொடுத்தார். அவர்களும் வாங்கிப் போட்டார்கள்.

இவ்வளவு நடந்த பிறகு ஒரு மனிதர் என்ன செய்வார்? நிலம் விற்பார்.

2021 டிசம்பரில் காலா கேம்ஸ் என்ற பிளாக்செயின் நிறுவனத்தோடு சேர்ந்து 'லெகஸி' அறிவிக்கப்பட்டது. வியாபாரம் செய்து முன்னேறும் விளையாட்டு. ஆம், இரண்டு பிரதி விற்ற அதே 1984 சமாச்சாரம்தான். இந்த முறை விளையாட்டு வெளியாகும் முன்பே, அதற்குள் இருக்கப்போகும் நிலத்தை என்எஃப்டியாகப் பிளாட் போட்டு விற்றார்கள். 4 கோடி பவுண்டுக்குமேல் வசூல். நிலம் வைத்திருப்பவரிடம் சாவிகள் இருக்கும், நிலம் வாங்க வசதியில்லாதவருக்கு ஒரு சாவியைக் கொடுத்து ஆட விடலாம், அவர் உழைத்துச் சம்பாதிப்பதில் நிலக்காரருக்கு ஒரு பங்கு போகும். குத்தகையும் வாரமும் திரும்ப வந்துவிட்டன, இந்த முறை அதற்கு 'விளையாடிச் சம்பாதிப்பது' என்று பெயர். மிராசுதாரும் பண்ணையாளும் இல்லாத ஓர் உலகத்தைக் கற்பனைகூடச் செய்ய முடியாத அளவுக்கு, கடவுள் விளையாட்டைக் கண்டுபிடித்தவரின் கற்பனை வறண்டிருந்தது. 2022இல் கிரிப்டோ சந்தை கவிழ்ந்தது. விளையாட்டு 2023 அக்டோபரில் வந்தது. பட்டா போட்டு இரண்டு வருஷம் கழித்து நிலம் முளைத்த அதிசயம் வேறு எந்தத் தல புராணத்திலும் கிடையாது.

இவரோடு இது முடியவில்லை என்பதுதான் துறையின் வெட்கக்கேடு. 'விங் கமாண்டர்' புகழ் கிறிஸ் ராபர்ட்ஸ் 2012இல் 'ஸ்டார் சிட்டிசன்' என்ற விண்வெளி விளையாட்டுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டத் தொடங்கினார். 2024க்குள் வசூல் 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, அப்போதும் விளையாட்டு முழுமையாக வெளிவந்திருக்கவில்லை. இன்னும் கட்டப்படாத விண்கலங்களை அங்கே படம் காட்டி விற்கிறார்கள், வாங்குகிறார்கள். கொடுக்கிறவர் இருக்கும்வரை வாங்குகிறவரைக் குறை சொல்ல முடியாது என்று வாதிடுவோர் உண்டு. முடியும். நன்றாகவே முடியும். இதே துறையில் 'நோ மேன்ஸ் ஸ்கை'யின் ஷான் முர்ரே 2016இல் இல்லாததையெல்லாம் பேசி, வாங்கியவர்களிடம் வண்டி வண்டியாக வசவு வாங்கினார். அதன் பிறகு அவர் செய்தது ஒன்றுதான்: பேச்சை நிறுத்தினார். சொன்னவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டி, வருஷக்கணக்கில் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். மன்னிப்பு என்றால் அதுதான் மன்னிப்பு. மாலின்யூவின் மன்னிப்புகளுக்கு அடுத்த பொருளின் விளம்பரத்தில் முதல் பத்தியாக இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடந்த கேம்ஸ்காம் தொடக்க விழாவில் அவருடைய புது விளையாட்டின் டிரெய்லர் வந்தது. 'மாஸ்டர்ஸ் ஆஃப் அல்பியன்'. மறுபடியும் கடவுள் ஆட்டம், வானத்திலிருந்து ஒரு கை இறங்கி வருகிறது. அரங்கம் கைதட்டியது. விளையாட்டு நன்றாகவே இருக்கலாம். 'பாப்புலஸ்' செய்தவருக்கு இன்னொன்று செய்யத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மல்டிபிளேயர் வராமலே, எர்லி அக்சஸ் பலகைகூடக் கழற்றப்படாமலே, 'கோடஸ்' 2023 டிசம்பரில் ஸ்டீம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த உலகத்தின் தலைமைக் கடவுளாக அறிவிக்கப்பட்ட எடின்பரோக்காரர் அதில் ஒரு நாள்கூட ஆளவில்லை. முன்பதிவுப் பொத்தானில் விரல் வைக்கப் போகிறவர்கள், முதலில் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.